ரெக்சின் பையில் பூசிய பெயின்ட் உரிகிறதா, ஒட்டுகிறதா, வெடிக்கிறதா? குறையைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

போன வைகாசியில் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி ஒரு கறுப்பு ஹேண்ட்பேக்கைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். பையின் முகப்பில் பெங்களூரா மாங்காய் ஒரு கொத்து, அவளே வரைந்தது. கிளிமூக்கு வளைவு அப்படியே வந்திருந்தது. ஆனால் நடு மாங்காயின் வயிற்றில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் பெயின்ட் இல்லை.

"அக்கா, நான் கழுவக்கூட இல்லை. பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன், அவ்வளவுதான். பெயின்ட் சரியில்லையா?"

உரிந்த துண்டு இருக்கிறதா என்று கேட்டேன். பையின் உள்ளேயே கிடந்தது. திருப்பிப் பார்த்தோம். அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. பெயின்ட் நல்ல உறுதியாகத்தான் காய்ந்திருக்கிறது, ஆனால் பையைப் பிடித்துக்கொள்ளவே இல்லை.

கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு சில வருடங்களாக ரெக்சின் பைகளில் வரைகிறேன். மற்றவர்கள் வரைந்து கெட்டுப்போன பைகளையும் வாங்கிச் சரிசெய்து கொடுக்கிறேன். பெரும்பாலும் குறை தெரியும் இடம் ஒன்று, அது பிறந்த இடம் இன்னொன்று. எல்லோரும் பெயின்டை மாற்றிப் பார்க்கிறார்கள். பெயின்டுக்கு அடியில் என்ன நடந்தது என்று பார்ப்பதில்லை. அதனால் உங்கள் பையில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் படித்துவிட்டுப் போங்கள். பின்னால் வரும் பாதிக் குறைகளுக்குக் காரணம் அதில்தான் இருக்கிறது.

பை எதனால் ஆனது?

நாம் ரெக்சின் என்று சொல்வது முதலில் இங்கிலாந்தில் விற்ற ஒரு பூச்சுத் துணியின் வணிகப் பெயர். துணியின் மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூசித் தோல் மாதிரி ரேகை அழுத்தியிருப்பார்கள். இன்று கடையில் வாங்கும் பைகளில் அந்தப் பூச்சு கிடையாது. பெயர் மட்டும் நின்றுவிட்டது. இப்போது துணியின் மேல் இருப்பது பெரும்பாலும் பி.வி.சி., இல்லையென்றால் பி.யு. எனப்படும் பாலியூரித்தேன்.

பி.வி.சி. இயல்பில் விறைப்பானது. தண்ணீர்க் குழாய் செய்கிற அதே பொருள்தான். பையாக வளைய வேண்டும் என்பதற்காக எண்ணெய் போன்ற ஒரு மென்மையூட்டியை அதில் கலக்கிறார்கள். அது உள்ளேயே அடங்கிக் கிடக்காது. வருடக்கணக்கில் மெல்ல மேலே கசியும். வெயில் பட்டால் இன்னும் வேகமாகக் கசியும். பி.யு.வில் இந்தத் தொல்லை குறைவு. அதற்கு வேறு நோய். காற்றின் ஈரம் பட்டுப் பட்டுச் சில வருடங்களில் பூச்சே இற்றுச் செதிலாக உதிரும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? பி.வி.சி. பை கையில் கனக்கும், புதிதாக இருக்கும்போது மழைக்கோட்டு வாசனை அடிக்கும், மடித்தால் தடிப்பாக எழும்பும். பி.யு. லேசானது, மடித்தால் மெல்லிய சுருக்கம் விழும். சந்தேகமாக இருந்தால் பி.வி.சி. என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக எடுக்கும் ஜாக்கிரதை பி.யு.வுக்கு எந்தக் கெடுதலும் செய்யாது.

நகம் பட்டாலே தோல் தோலாக உரிகிறது

அதிகம் வரும் குறை இதுதான். உரிந்த துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். மூன்றில் ஒன்றாக இருக்கும்.

அடிப்பக்கம் பளபளவென்று வழுக்கினால், பெயின்ட் பையின் மேல் உட்காரவே இல்லை என்று அர்த்தம். அந்த மாங்காய்ப் பையில் நடந்தது இது. பை செய்யும்போது மேலே ஒரு பளபளப்புப் பூச்சு கொடுத்திருப்பார்கள். கடையில் தூசி தெரியாமலிருக்க ஏதாவது பாலிஷ் தேய்த்திருப்பார்கள். வீட்டுக்கு வந்த பிறகு நம் கை எண்ணெய். இவ்வளவுக்கும் மேலேதான் பெயின்ட் படுத்திருக்கிறது.

துண்டின் அடிப்பக்கத்தில் பையின் நிறமே மெல்லிய படலமாக ஒட்டி வந்திருந்தால், பையின் சொந்தத் தோலே இற்றுவிட்டது. பழைய பி.யு. பைகளில் இப்படி வரும். இதற்கு மருந்து இல்லை. மேலே எது பூசினாலும் அதையும் சேர்த்துக்கொண்டு உதிரும். இந்தப் பையில் நேரம் செலவழிக்காதீர்கள் என்று நான் நேராகவே சொல்லிவிடுவேன், எவ்வளவு ஆசையான பையாக இருந்தாலும்.

ஒரு தடவை பூசும் பூச்சைத்தான் கோட்டு என்கிறேன். துண்டின் அடியில் உங்கள் முதல் கோட்டின் நிறம் இல்லாமல் மேல் கோட்டு மட்டும் வந்திருந்தால், இரண்டு கோட்டுகளுக்கு இடையில் ஏதோ புகுந்திருக்கிறது. பாதி வரைந்து வைத்துவிட்டுப் பத்து நாள் கழித்து எடுத்தவர்களுக்கு இது நடக்கும். தூசி, சமையல் புகை, கை எண்ணெய். மறுபடி தொடங்கும் முன் ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டிருந்தால் போதும்.

முதல் வகைக்கு வழி சொல்கிறேன். ஒட்டாத பெயின்டை முழுக்க எடுத்துவிடுங்கள். அகலமான செல்லோடேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுத்தால், வர வேண்டியது எல்லாம் வந்துவிடும். வராமல் நிற்பது நன்றாகப் பிடித்திருக்கிறது, அதை விட்டுவிடலாம். அப்புறம் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்ட தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து துடையுங்கள். வெறும் தண்ணீரால் இரண்டு முறை துடைத்துக் காயவிடுங்கள்.

அடுத்தது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். மொபைல் சர்வீஸ் கடைக்காரர்களிடம் ஐ.பி.ஏ. என்று கேட்டால் தெரியும், மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்கும். வெள்ளைப் பஞ்சில் நனைத்து முதலில் பையின் அடியில், யார் கண்ணிலும் படாத மூலையில் தேய்த்துப் பாருங்கள். பஞ்சில் பையின் நிறம் லேசாக வந்தால் பரவாயில்லை. நிறைய வந்தால், அல்லது அந்த இடம் பிசுக்கென்று இளகினால், அந்தப் பைக்கு ஐ.பி.ஏ. வேண்டாம், சோப்புத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இளகவில்லை என்றால் வரையும் இடம் முழுக்க, பஞ்சை மாற்றி மாற்றித் துடையுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்பு எரியக்கூடாது.

நெயில் பாலிஷ் ரிமூவர் போட்டால் என்ன என்று கேட்பார்கள். அசல் தோல் பைகளில் அசிட்டோன் போட்டு மேல்பூச்சை எடுக்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அது மாட்டுத்தோலுக்குச் சரி. ரெக்சினில் அசிட்டோன் பட்டால் பி.வி.சி.யும் பி.யு.வும் இளகிக் கசங்கிவிடும். பெயின்ட் கடையில் கிடைக்கும் தின்னரும் அப்படித்தான். சானிடைசர் ஜெல்லும் வேண்டாம். அதில் ஆல்கஹால் இருந்தாலும், கெட்டியாக்கச் சேர்த்த பசை பையிலேயே தங்கிவிடும்.

கடைசியாக 600 நம்பர் வாட்டர் பேப்பர் என்ற மெல்லிய உப்புத்தாளால், அழுத்தாமல், வட்டமாக நாலு முறை தேயுங்கள். பளபளப்பு மங்கினால் போதும், கீறல் தெரியக்கூடாது. தூசியைத் துடைத்துவிட்டு, விரலே படாமல் வரையத் தொடங்குங்கள்.

முதல் கோட்டு காய்ந்த மறுநாள் ஒரு சோதனை. ஓரத்தில் செல்லோடேப் ஒட்டி இழுங்கள். ஒன்றும் வரவில்லையா? தைரியமாக மேலே போகலாம். முழுப் படமும் வரைந்து முடித்த பிறகு அழுவதைவிட ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பது எவ்வளவோ மேல்.

மடிப்பில் வெடிக்கிறது

மூடியின் வளைவு, கைப்பிடியின் அடி, பக்கவாட்டு மடிப்பு. வெடிப்பு இந்த மூன்று இடத்தில்தான் தொடங்கும். வெடித்த இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கோட்டின் கனம் எவ்வளவு? ஒரு பால் ஆடை அளவுக்கு இருந்தால் அதுவே காரணம். ஒரே கோட்டில் நிறம் வந்துவிட வேண்டும் என்று அப்பியிருப்பார்கள்.

கனம் மெல்லிசாக இருந்தும் வெடித்தால், பெயின்டை யோசிக்க வேண்டும். அக்ரிலிக் என்பது நிறத்தூளும் பிளாஸ்டிக் பசையும் தண்ணீரில் மிதப்பது. தண்ணீர் ஆவியாகப் போகும்போது பசைத் துளிகள் ஒன்றோடொன்று நெருங்கிக் கலந்து ஒரே படலமாகின்றன. நீங்கள் தண்ணீரை நிறைய ஊற்றிவிட்டால் துளிகளுக்கு இடையில் தூரம் அதிகமாகிறது, படலம் வலுவாகப் பின்னுவதில்லை. தொட்டால் சுண்ணாம்பு மாதிரிப் பொடி கையில் வரும். பெயின்ட் நாலு பங்கு என்றால் தண்ணீர் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்கிறேன். இன்னும் இளக்கம் வேண்டுமானால் தண்ணீருக்குப் பதில் ஃபேப்ரிக் மீடியம் கலப்பேன். அது நிறமில்லாத, வளையக்கூடிய அக்ரிலிக் பசை. துணி மடங்குவதற்காகச் செய்தது, அதனால் பையின் மடிப்புக்கும் ஒத்துப்போகும்.

கேன்வாஸுக்கு என்று விற்கும் அக்ரிலிக் சுவரில் தொங்கும் படத்துக்குப் போதும், அது தினமும் மடங்க வேண்டியதில்லை. ஃபெவிக்ரில், கேம்லின் எதுவானாலும் துணிக்கு என்று போட்டிருப்பதை எடுங்கள், அல்லது சாதா அக்ரிலிக்கில் ஃபேப்ரிக் மீடியம் சேருங்கள். தோலுக்கென்றே வரும் அக்ரிலிக் ஆன்லைனில் கிடைக்கிறது. அது வளைவதற்காகவே செய்யப்பட்டது, விலை அதிகம். மடிப்பு அதிகமுள்ள பைக்கு அந்தச் செலவு தகும். முகப்பில் மட்டும் வரைகிறவர்களுக்குத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

வெடித்ததைச் சரிசெய்ய, வெடிப்பின் மேலேயே பூசாதீர்கள். அது பள்ளத்தை அடைக்கும், அடுத்த மடிப்பில் மறுபடி திறக்கும். அந்த இடத்தை வாட்டர் பேப்பரால் சமமாக்கி, பை விரிந்திருக்கும் நிலையில், மெல்லிய மூன்று கோட்டு போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையில் அரை மணி நேரம். காயும்போது பையின் உள்ளே பழைய நாளிதழைத் திணித்து வையுங்கள், பை தன் உருவத்தில் நிற்கும்.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு, அது வரைவதற்கு முன்பே செய்ய வேண்டியது. பையைப் பத்து முறை திறந்து மூடிப் பாருங்கள். எங்கே மடிகிறதோ அங்கே சாக்பீஸால் கோடு போடுங்கள். படத்தை அந்தக் கோட்டுக்கு இப்பால் நிறுத்துங்கள். கொடி ஒன்று மடிப்பைக் கடந்துதான் ஆக வேண்டும் என்றால் அந்த இடத்தில் மெல்லிய தண்டு மட்டும் போகட்டும், இலை வேண்டாம்.

வாரம் ஆகியும் பிசுபிசு என்று ஒட்டுகிறது

இதை நான் சொந்த அனுபவத்தில் கற்றுக்கொண்டேன். தர்மபுரியில் ஒரு கல்யாணத்துக்காகக் கிரீம் நிறப் பை ஒன்றில் தாமரை வரைந்தேன். அவசரத்தில், பளபளப்பாக இருக்கட்டும் என்று ஒரு கடையில் சொன்னதைக் கேட்டு மேலே ஸ்ப்ரே எனாமல் அடித்தேன். அன்று தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருந்தது. மூன்றாம் நாள் மூடியும் முகப்பும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தபோது பாதித் தாமரை மூடியில் வந்தது. ஒரு மாதம் கழித்தும் அந்த எனாமல் காயவில்லை. காரணம் முன்பு சொன்ன மென்மையூட்டி. பி.வி.சி.யிலிருந்து கசிந்து எனாமலுக்குள் புகுந்து அதை இளக்கிக்கொண்டே இருக்கிறது. காயக் காய இளக்குகிறது. எத்தனை நாள் வெயிலில் வைத்தாலும் சரியாகாது. வெயில் அதைக் கூட்டவே செய்யும்.

அதனால் முதல் கேள்வி, என்ன பூசினீர்கள்? எனாமல், ஆயில் பெயின்ட், சாதா ஸ்ப்ரே கேன் என்றால் அதை எடுத்தாக வேண்டும். வேறு வழி கிடையாது. எடுக்கும் முறையைக் கடைசியில் சொல்கிறேன்.

அக்ரிலிக்தான் பூசினேன் என்றால், எப்போதெல்லாம் ஒட்டுகிறது என்று கவனியுங்கள். காலையில் ஒட்டாமல் மதிய வெயிலில் மட்டும் ஒட்டினால் அது அக்ரிலிக்கின் குணம். வளைய வேண்டும் என்பதற்காக மென்மையாகச் செய்த பசை, சூட்டில் இன்னும் மென்மையாகிறது. சித்திரையில் நம் ஊர் வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் 60 டிகிரியைத் தாண்டும். அங்கே பையை விட்டுவிட்டுப் போகாதீர்கள். இரண்டு பூசிய பரப்புகள் ஒன்றையொன்று தொடும்படி எதையும் வரையாதீர்கள். மூடியின் உட்பக்கமும் அதற்கு நேரான முகப்பும்தான் முக்கியமாகத் தப்ப வேண்டிய இடங்கள். ஏற்கெனவே வரைந்திருந்தால், நன்றாகக் காய்ந்த பிறகு வாசனை இல்லாத டால்கம் பவுடரை மெல்லிய துணியால் தேய்த்துத் துடைத்துவிடுங்கள். ஒட்டும் தன்மை குறையும். மேலே தண்ணீரில் கலக்கும் மேட் வார்னிஷ் ஒரு கோட்டு கொடுத்தால் இன்னும் நல்லது. பளபளப்பு வார்னிஷைவிட மேட் குறைவாக ஒட்டுகிறது.

எந்த நேரமும் ஒட்டுகிறது, விரலால் அழுத்தினால் ரேகை பதிகிறது என்றால் கோட்டின் அடிப்பகுதி காயவில்லை. ரெக்சின் தண்ணீரை உறிஞ்சாது, அதனால் தண்ணீர் முழுவதும் மேல்பக்கமாகவே போயாக வேண்டும். கனமான கோட்டில் மேலே ஆடை மூடிக்கொண்டு கீழே ஈரம் சிறைப்பட்டிருக்கும். ஐப்பசி மழையில் இது இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். ஓசூர்ப் பக்கம் மார்கழி, தை இரவுகளில் குளிர் வேறு. குளிரில் பசைத் துளிகள் சரியாகக் கலப்பதில்லை, படலம் பலவீனமாகிவிடும். அந்த மாதங்களில் பகல் பதினொன்றிலிருந்து மூன்றுக்குள் பூசுங்கள். மின்விசிறிக் காற்றில், நிழலில் ஒரு வாரம் வையுங்கள். ஹேர் டிரையர் வைத்தால் ஒரு முழத் தூரத்தில், கையை நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருங்கள். கிட்டே நிறுத்திவிட்டால் ரெக்சினே குமிழ் விடும்.

தொட்டால் கையில் ஒட்டாத அளவுக்குக் காய்வது அரை மணியில் நடக்கும். முழு உறுதி வர இரண்டு, மூன்று வாரம் ஆகும். விற்பதற்காக வரைகிறவர்கள் இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு தேதி சொல்லுங்கள்.

பூசும்போதே பெயின்ட் முத்து முத்தாக விலகுகிறது

தாமரை இலையில் தண்ணீர் மாதிரி, பூசப் பூசச் சின்ன வட்டங்கள் விலகி அடியில் பை தெரிகிறதா? சிலிகான் அல்லது மெழுகு. பைக்கு யாரோ டேஷ்போர்டு பாலிஷ் போட்டிருக்கிறார்கள், அல்லது ஷூ பாலிஷ். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு தொட்டிருந்தாலும் அந்த விரல் அளவுக்கு விலகும். உடனே நிறுத்துங்கள். ஈரமாக இருக்கும்போதே எல்லாவற்றையும் துடைத்து எடுத்துவிட்டு, மேலே சொன்ன சோப்பு, ஐ.பி.ஏ. இரண்டையும் மறுபடி செய்யுங்கள். ஒவ்வொரு தேய்ப்புக்கும் புதுப் பஞ்சு. பழைய பஞ்சு சிலிகானை எடுக்காது, பரப்பும்.

நாலு கோட்டு போட்டும் அடிநிறம் தெரிகிறது

கறுப்புப் பையில் மஞ்சள் மாம்பழம் வரைந்தவர்கள் எல்லோரும் இதைப் பார்த்திருப்பார்கள். மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு நிறத்தூள்களில் பல கண்ணாடி மாதிரி. ஒளி உள்ளே போய் அடியிலுள்ள கறுப்பில் விழுந்து தங்கிவிடும். பத்துக் கோட்டு போட்டாலும் கலங்கலான பச்சை மஞ்சள்தான் வரும், அதற்குள் கனம் ஏறி மடிப்பில் வெடிக்கும்.

வெள்ளையில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும். அதனால் மாம்பழத்தின் உருவத்தை முதலில் வெள்ளையில் இரண்டு மெல்லிய கோட்டாகப் போடுங்கள். அது காய்ந்ததும் மேலே மஞ்சள் இரண்டு கோட்டு. பழமாகவே மின்னும். பச்சை மாங்காய்க்கு வெள்ளையில் ஒரு சொட்டு மஞ்சள் கலந்து அடியில் கொடுத்தால் பச்சை உயிரோடு வரும்.

வெள்ளையை மட்டுமே வைத்து வரைந்தால் இந்தத் தொல்லையே இல்லை. பர்கூருக்குப் பக்கத்தில் மல்லப்பாடிக் குன்றில் பழங்காலத்து மனிதர்கள் பாறையில் வெள்ளை நிறத்தில் ஆயுதம் ஏந்திய குதிரை வீரர்களை வரைந்திருக்கிறார்கள். அந்தக் கோட்டுருவத்தைக் கறுப்புப் பையில் ஒருமுறை வரைந்து பாருங்கள். நாலே நாலு கோடு, ஆனால் எட்ட நின்று பார்த்தாலும் தெரியும். நான் வரைந்ததில் எனக்கு மிகவும் பிடித்த பை அதுதான். ஒரே பூச்சிலேயே வெள்ளை தெளிவாக விழ, முனை மெல்லிய பிரஷ்ஷில் பெயின்டைத் தண்ணீர் சேர்க்காமல் எடுத்து, மீடியம் மட்டும் கலந்து இழுங்கள்.

பிரஷ் கோடுகள் தெரிகின்றன

நாரு பிரஷ்ஷை விட்டு மென்மையான சிந்தடிக் தட்டைப் பிரஷ்ஷுக்கு மாறுங்கள். முதல் கோட்டை இடவலமாக, அடுத்ததை மேல்கீழாக. பெரிய பரப்பென்றால் சிறு ஸ்பான்ஞ்சால் ஒற்றுங்கள். பாதி காய்ந்த இடத்துக்குத் திரும்பப் போகாதீர்கள். தழும்புகள் அங்கேதான் விழுகின்றன.

டேப்பை எடுத்தால் ஓரம் கசிந்திருக்கிறது, அல்லது கிழிகிறது

ஓரம் நேராக வருவதற்காக டேப் ஒட்டிப் பூசும்போது கசிவதற்குக் காரணம் ரெக்சினின் ரேகை. டேப் மேடுகளில் ஒட்டும், பள்ளங்களில் ஒட்டாது, அந்த வழியாகப் பெயின்ட் நுழைந்துவிடும். டேப் ஒட்டி நகத்தால் ஓரத்தை அழுத்திய பிறகு, முதலில் ஓரத்தில் நிறமில்லாத மீடியத்தை ஒரு இழுப்பு இழுங்கள். பள்ளங்களை அது அடைத்துக்கொள்ளும். நுழைந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அதன் மேல் நிறம் போடுங்கள்.

கிழிவது, பெயின்ட் முழுக்கக் காய்ந்த பிறகு இழுப்பதால். கடைசிக் கோட்டின் ஈரம் போவதற்கு முன்பே, டேப்பைத் தன்மேல் மடக்கிச் சாய்வாக, மெதுவாக இழுங்கள்.

கோட்டைச் சுற்றி ஊதா நிழல் படர்கிறது, வெள்ளை நிறம் மாறுகிறது

அதியமான் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனியை நினைத்துத் தர்மபுரி ஆசிரியை ஒருவர் தன் வெள்ளைப் பையில் நெல்லிக்கொப்பு வரைந்திருந்தார். அழகான கொப்பு. ஆனால் விளிம்புக் கோடுகளைப் பர்மனென்ட் மார்க்கரால் போட்டுவிட்டார். நாலு மாதத்தில் ஒவ்வொரு கனியைச் சுற்றியும் ஊதாவான ஒரு நிழல். மார்க்கர் மையில் இருப்பது கரையும் சாயம். பி.வி.சி.யில் உள்ள மென்மையூட்டி அதைத் தன்னோடு இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் நகரும். பால்பாயின்ட் பேனா மையும் இப்படித்தான். மேலே பெயின்ட் பூசி மறைத்தாலும் சில வாரத்தில் அதைத் துளைத்துக்கொண்டு வரும்.

புதிதாக இருந்தால் ஐ.பி.ஏ. பஞ்சால் ஒற்றி எடுக்கலாம், கொஞ்சம் குறையும். உள்ளே இறங்கிவிட்டால் எடுக்க முடியாது. அந்த ஆசிரியைக்கு நான் சொன்னது, நிழலை மறைக்கப் பார்க்காமல் அதையே பின்னணியாக்கிவிடலாம் என்று. கனிகளைச் சுற்றி அடர்த்தியான கறும்பச்சை இலைகளை வரைந்தோம். ஊதா அதற்குள் அடங்கிவிட்டது. இனி விளிம்புக் கோட்டுக்கு மெல்லிய பிரஷ்ஷும் கறுப்பு அக்ரிலிக்கும்தான். அக்ரிலிக்கில் இருக்கும் நிறத்தூள் கரையாத துகள், அது இப்படிப் பயணம் போகாது. வரைவதற்கு முன் அச்சு எடுக்கவும் பேனா வேண்டாம், சாக்பீஸ் அல்லது வெளிர்நிறக் கலர் பென்சில்.

பையின் பின்பக்கம் மட்டும் நீலமாகிறது என்றால் அது உங்கள் ஜீன்ஸ். ஈரத்துணியில் சோப்பு வைத்து அன்றன்றே துடைத்தால் போகும். விட்டுவைத்தால் அந்தச் சாயமும் உள்ளே இறங்கும்.

வார்னிஷ் அடித்ததும் வெள்ளை மூட்டம்

அடர்ந்த நிறங்களின் மேல் புகை படிந்த மாதிரி இருந்தால், ஒன்று மேட் வார்னிஷைக் கலக்காமல் ஊற்றியிருக்கிறீர்கள், இல்லையென்றால் மழைநாளில் பூசியிருக்கிறீர்கள். மேட் வார்னிஷில் பளபளப்பைக் குறைக்கும் தூள் அடியில் தங்கும். குலுக்காமல் கிளறி, மெல்லிசாக இழுக்க வேண்டும். குலுக்கினால் நுரை வந்து குமிழாகப் பதியும். மழைநாள் மூட்டம் பல சமயம் இரண்டு, மூன்று நாள் உலர்ந்த காற்றில் தானாகத் தெளியும், பொறுத்துப் பாருங்கள். தெளியாவிட்டால் பளபளப்பு வார்னிஷ் ஒரு மெல்லிய கோட்டு கொடுத்தால் பெரும்பாலும் நிறம் திரும்பி வரும்.

நனைந்ததும் நிறம் வந்தது

ஒகேனக்கல்லில் பரிசலில் போய்வந்த பை ஒன்று இந்தக் குறையோடு வந்தது. வரைந்து நாலே நாள்தான் ஆகியிருந்தது. முழு உறுதி வராத அக்ரிலிக் தண்ணீரில் ஊறி இளகும், அந்த நேரம் துடைத்தால் துணியோடு வந்துவிடும். நனைந்தால் துடைக்காதீர்கள். தண்ணீரை உதறிவிட்டு நிழலில் தொங்கவிடுங்கள். காய்ந்தால் பல இடங்களில் தானாகவே மறுபடி இறுகும். அப்புறம் போன இடத்தை மட்டும் தொட்டு, மூன்று வாரம் கழித்து வார்னிஷ் இரண்டு கோட்டு. வாட்டர் கலர், போஸ்டர் கலர் போட்டவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அவை எவ்வளவு காய்ந்தாலும் தண்ணீரில் கரையும்.

எல்லாவற்றையும் எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றால்

அக்ரிலிக்கை ஐ.பி.ஏ. இளக்கும். பஞ்சை நனைத்து உள்ளங்கை அளவு இடத்தில் இரண்டு நிமிடம் வையுங்கள். பெயின்ட் சுருங்கி எழும்பியதும் பழைய ஏ.டி.எம். கார்டின் ஓரத்தால் தள்ளுங்கள். கத்தி வேண்டாம். ரேகைகளுக்குள் நிற்பதைப் பழைய டூத் பிரஷ்ஷால் எடுக்கலாம். ஒரே இடத்தில் அதிக நேரம் ஊறவிட்டால் பையின் நிறமும் சேர்ந்து வரும், அதனால் இடம் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். எனாமலும் இப்படியே, ஆனால் மெதுவாகத்தான் வரும், பொறுமையாக நாலைந்து சுற்று தேவைப்படும். எனாமலுக்கு மண்ணெண்ணெய் போடச் சொல்வார்கள். போடாதீர்கள், அந்த எண்ணெய் ரெக்சினுக்குள் இறங்கிப் பிறகு எதையும் ஒட்டவிடாது.

எடுத்து முடித்த பையைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, முழுதாக இரண்டு நாள் காற்றாட வையுங்கள். ஐ.பி.ஏ.வால் சற்றே இளகிய மேல்பரப்பு மறுபடி இறுக அந்த நேரம் வேண்டும். மாங்காய்ப் பைக்கும் இதைத்தான் செய்தோம். அடுத்த வாரம் அவளே வந்து, வெள்ளையில் அடி கொடுத்து, மெல்லிய கோட்டு கோட்டாக அதே கொத்தை மறுபடி வரைந்தாள். மறுநாள் டேப் ஒட்டி இழுத்தபோது ஒன்றும் வரவில்லை.